காலை வேளைக்கு மைல்டான, க்ரீமியான சுருட்டு: நிறத்தை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்

காலையில் பிடிக்க மென்மையாக ஒரு சுருட்டு வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் வெளிர் பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டுவார். அது சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் அந்த வெளிர் நிறம்தான் மென்மைக்குக் காரணம் என்று மனதில் பதிந்துவிட்டால், அடுத்த முறை நாமாகத் தேர்ந்தெடுக்கும்போது மாட்டிக்கொள்வோம். வெளுத்த இலைக்குள் காரசாரமான புகையிலை ஒளிந்திருக்கலாம். கன்னங்கரேல் என்று இருக்கும் சுருட்டு சாதுவாக இருந்துவிடலாம்.

'மைல்ட்' என்பதைப் பெரும்பாலும் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் இலைகள் முடிவு செய்கின்றன. 'க்ரீமி' என்பது புகை வாயில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது; அதில் பாதி இலையின் கையில், மீதி பிடிப்பவரின் கையில். முதலாவதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டாவதை வாங்கினால் மட்டும் போதாது, கெடுக்காமல் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

காரம் வேறு, கனம் வேறு

புதிதாக வருபவர்கள் காரம், கனம், சுவை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். காரம் என்பது நிகோட்டின். அதை நாக்கு சொல்லாது. தலையும் வயிறும்தான் சொல்லும், அதுவும் கொஞ்சம் தாமதமாக. கனம் என்பது புகை வாயில் எவ்வளவு அடர்த்தியாக உட்காருகிறது என்பது. தண்ணீரையும் கொழுப்பு எடுக்காத பாலையும் அடுத்தடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தால் நாக்கு உணரும் வித்தியாசம் இருக்கிறதே, அதுதான். சுவை என்பது மரம், கொட்டை, வைக்கோல், மிளகு என்று நாக்கும் மூக்கும் சேர்ந்து கண்டுபிடிப்பது.

இவை மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காரம் குறைவாகவும் கனம் ஓரளவு நிறைவாகவும் உள்ள சுருட்டுகள் இருக்கின்றன. க்ரீமி என்று பெயர் எடுத்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். காரமும் இல்லை, கனமும் இல்லை, சுவையும் இல்லை என்று வெறும் சூடான காற்றை இழுப்பதுபோல இருக்கும் சுருட்டுகளும் 'மைல்ட்' என்ற பெயரில் விற்பனையாகின்றன. மென்மை பிடிக்காமல் போனவர்களில் நிறையப் பேர் இப்படி ஒன்றில் ஆரம்பித்தவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

செடியில் எந்த உயரத்து இலை?

கையால் செய்யும் சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள்ளிலை, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, வெளியே கண்ணுக்குத் தெரியும் மேலிலை. கடைகளில் ஃபில்லர், பைண்டர், ராப்பர் என்பார்கள்.

காரத்தின் பெரும்பகுதி உள்ளிலையில் இருக்கிறது. அந்த உள்ளிலை செடியில் எந்த உயரத்தில் இருந்து பறிக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். அடிப்பகுதி இலைக்கு வொலாடோ என்று பெயர். மெல்லிசாக இருக்கும், காரம் குறைவு, நன்றாக எரியும். நடுப்பகுதி இலை செகோ. மணத்துக்குப் பெயர் போனது. உச்சியில் இருப்பது லிகேரோ. வெயிலை அதிகம் வாங்கிக்கொண்டு, செடியின் சத்தையும் இழுத்துக்கொண்டு தடித்து, எண்ணெய்ப் பசையோடு நிற்கும். காரம் முழுக்க அதில்தான். மெதுவாக எரியும் இலை என்பதால் சுருட்டுபவர்கள் அதை நட்ட நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்ற இலைகளைப் போடுவார்கள்.

காலைக்கு ஏற்ற கலவையில் செகோவும் வொலாடோவும் கூடுதலாக இருக்கும். லிகேரோ பேருக்குக் கொஞ்சம் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பெட்டியின் மேல் இதையெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள்தான். ஆனால் விஷயம் தெரிந்த கடைக்காரரிடம் "இதில் லிகேரோ தூக்கலாக இருக்குமா?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் வரும். "இது மைல்டா?" என்ற கேள்விக்கு வரும் பதிலைவிட அது எவ்வளவோ மேல். ஏனென்றால் ஒருவருக்கு மைல்ட் என்பது இன்னொருவருக்கு மயக்கம்.

விளைந்த மண்ணும் ஓரளவு துப்பு கொடுக்கும். டொமினிக்கன் குடியரசின் இலைகளுக்கு, குறிப்பாக ஓலோர் டொமினிக்கானோ ரகத்துக்கு, சாதுவானது என்று பெயர். நிகராகுவா என்றாலே மிளகு நெடி என்பார்கள். அது எஸ்தெலி பகுதி இலைக்குப் பொருந்தும். அதே நாட்டின் ஹலாப்பா பள்ளத்தாக்கு இலை இனிமையாகவும் மென்மையாகவும் இருக்கும். ஆகவே நாட்டின் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம்.

கனெக்டிகட் என்ற பெயரில் இருக்கும் குழப்பம்

இப்போது மேலிலைக்கு வருவோம். மென்மையான சுருட்டு என்றால் பத்திரிகைகளிலும் கடைகளிலும் அடிக்கடி கேட்கும் பெயர் கனெக்டிகட் ஷேட். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900-இல், வின்ட்சர் என்ற ஊரில், சோதனை முயற்சியாகத் துணிப் பந்தல் போட்டு அதன் கீழ் புகையிலையை வளர்த்தார்கள். சுமத்ராவிலிருந்து வந்து இறங்கிய மெல்லிய மேலிலையோடு போட்டி போட வேண்டிய நெருக்கடி அப்போது. பந்தலுக்குள் வெயில் வடிகட்டப்பட்டு, வெப்பமும் ஈரமும் தங்கும். வெளிச்சத்துக்கு ஏங்கும் இலை அகலமாக விரியும், மெலியும், நரம்பு தடிக்காது. பழுத்த பிறகு கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் சில இலைகள் மட்டும் என்று கையால் பறிப்பார்கள். கிடைப்பது பட்டுபோல வழுவழுப்பான, பொன்பழுப்பு மேலிலை. அதிலிருந்து வரும் சுவையைத்தான் வெண்ணெய், பால், உலர்ந்த புல், தேவதாரு என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள்.

அதே விதையை ஈக்வடாரில் போட்டு வளர்ப்பதும் உண்டு. அங்கே பந்தலுக்குத் தேவையே இல்லை. வளரும் பருவத்தில் மேகம் வானத்தை மூடிக்கொண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்கப் பள்ளத்தாக்கில் கூலியும் செலவும் ஏறிப் பயிரிடும் பரப்பு சுருங்கிவிட்டதால், இன்று கனெக்டிகட் என்று பட்டை சுற்றி வருவதில் பெரும்பங்கு ஈக்வடார் இலைதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குழப்பம் எங்கே என்றால், கனெக்டிகட் பிராட்லீஃப் என்று இன்னொன்று இருக்கிறது. பள்ளத்தாக்கு அதேதான். ஆனால் இது திறந்த வெயிலில் வளர்த்து, செடியைத் தண்டோடு வெட்டி உலர்த்தும் தடித்த இலை. நீண்ட நாள் புளிக்க வைத்துக் கறுக்க விடுவார்கள். கனெக்டிகட் என்ற ஒற்றை வார்த்தையை நம்பி வாங்கி வந்து, கறுப்பான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காமல் இருக்க, ஷேட் என்ற பின்பாதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரோ எனப்படும் கரிய மேலிலைக்கு அந்த நிறம் வருவது புளிக்க வைத்த காலத்தாலும் வெப்பத்தாலும்தான். அப்படிப் புளித்த இலையில் ஒரு இனிப்பு ஏறிவிடும். உள்ளே மென்மையான இலையைப் போட்டு மேலே மதுரோவைச் சுற்றினால் அது காரமில்லாத சுருட்டுதான். அதேபோல உள்ளே லிகேரோவை நிறைத்து மேலே கனெக்டிகட் ஷேட் சுற்றிய சுருட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. பார்க்க அப்பாவி, பிடித்தால் ஆளைத் தூக்கிப் போடும். பச்சை நிறத்தில் கண்டேலா என்று ஒன்று வரும். பறித்த கையோடு அதிக வெப்பத்தில் உலர்த்திப் பச்சையத்தை அப்படியே நிறுத்திவிடுவதால் வருகிற நிறம் அது. மென்மையானதுதான், ஆனால் புல் வாசனை பிடித்தவர்களுக்கு மட்டும்.

க்ரீமி எப்படி வருகிறது?

பறித்து உலர்த்திய இலையைக் குவியலாக அடுக்கி வைப்பார்கள். இலையின் ஈரத்திலும் அழுத்தத்திலும் உள்ளே சூடு கிளம்பும். சூடு எல்லை மீறாமல் குவியலைப் பிரித்துத் திருப்பி அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் புளிப்பில் அம்மோனியா வெளியேறுகிறது, நிகோட்டினும் கொஞ்சம் குறைகிறது, பச்சை வாடை போகிறது. அதன் பிறகு மூட்டை கட்டி மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஓய்வு கொடுப்பார்கள். புகை வாயில் முரடாக உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு இந்தக் காத்திருப்புதான் அடிப்படை. அவசரமாகச் செய்த சுருட்டில் காரம் குறைவாக இருந்தாலும் மூக்கில் சுள்ளென்று ஏறும், தொண்டை கரகரக்கும். மைல்டாக இருந்தும் க்ரீமியாக இல்லாத சுருட்டு என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

பற்ற வைக்கும் முன்பே இதை ஓரளவு சோதித்துவிடலாம். சுருட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புங்கள். மேலிலையின் நரம்புகள் நூல்போல மெலிதாக, சாய்வாக ஓட வேண்டும். இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்தால் சற்று அமுங்கி மீள வேண்டும். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பற்ற வைக்கும் முனையை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். வைக்கோலும் லேசான இனிப்பும் தெரிந்தால் நல்லது. கழிப்பறைக் கிருமிநாசினிபோல மூக்கைக் குத்தினால் அம்மோனியா இன்னும் போகவில்லை, திருப்பி வைத்துவிடுங்கள். மறுமுனையை வெட்டிய பிறகு, நெருப்பு இல்லாமலேயே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நல்ல ஷேட் சுருட்டில் உலர்புல்லும் மரமும் கலந்த ஒரு சுவை உதட்டில் ஒட்டும். காற்றே வராமல் அடைத்துக்கொண்டால் அதை என்ன செய்தாலும் க்ரீமியாக்க முடியாது.

சாம்பல் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல சுருட்டு என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மண்ணில் மெக்னீசியம் அதிகம் இருந்தால் சாம்பல் வெளுக்கும். தரத்தை அதை வைத்து எடைபோட வேண்டாம்.

காலை ஏன் தனிக்கதை?

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்திருந்து விடுவதுதான். அப்படியானால் நிகோட்டின் உடம்பில் ஏறாது என்று நினைத்தால் தவறு. சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள நிகோட்டின் பெரும்பாலும் நுரையீரல் வழியாக ஏறும். சுருட்டுப் புகை அதற்கு எதிராகக் காரத்தன்மை (ஆல்கலைன்) கொண்டது; மேலே சொன்ன காரம் வேறு, இது வேறு. அதனால் வாயின் உட்தோல் வழியாகவே நிகோட்டின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் எழுந்த வயிற்றோடு இதைச் செய்தால் வியர்க்கும், குமட்டும், தலை சுற்றும். மைல்டான சுருட்டிலும் இது நடக்கும். ஆகவே காலை உணவு முதலில், சுருட்டு அதற்குப் பிறகுதான். கிறுகிறுப்பு தட்டினால் உடனே கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, ஏதாவது இனிப்பு சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று முடிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம், காலையில் நாக்கு சுத்தமாக இருக்கும். மாலையில் காரமான சாப்பாட்டுக்குப் பிறகு நாக்குக்கே எட்டாத மெல்லிய சுவைகள் அப்போது தெளிவாகத் தெரியும். அதற்காகப் பல் துலக்கிய உடனே ஆரம்பிக்க வேண்டாம். பற்பசையின் புதினா எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிடும். அரைமணி நேரமாவது போகட்டும். கூடக் குடிக்க, பால் கலந்த காப்பி ஷேட் சுருட்டோடு ஒத்துப்போகும். கடும் கறுப்புக் காப்பி இந்த மாதிரி மென்மையான புகையை அமுக்கிவிடும். அது மதுரோவுக்குத்தான் சரியான ஜோடி. சும்மா தண்ணீர் இருந்தாலும் குறையில்லை.

இங்கே ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லியாக வேண்டும். மைல்ட் என்பது சுவையையும் காரத்தையும் பற்றிய பேச்சு, உடல்நலத்தைப் பற்றியது அல்ல. ஒரு பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கலாம். ஒரு சிகரெட்டில் 1 கிராம்கூட இருக்காது. வாய், தொண்டை, உணவுக்குழாய், குரல்வளை, நுரையீரல் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானது. மென்மையான இலைக்கு அதிலிருந்து விதிவிலக்கு கிடையாது. காலை என்பதற்கும் தனியாக ஒரு அர்த்தம் இருக்கிறது. நிகோட்டின் அடிமைத்தனத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாளில், எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதற்கு அதிக மதிப்பெண் உண்டு. விடுமுறைக் காலையில் எப்போதாவது ஒன்று என்பது வேறு. கண் விழித்ததும் கை தேடினால் அது வேறு. புகையிலைப் பழக்கமே இல்லாதவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தொடங்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

எந்த அளவு?

சுருட்டின் தடிமனை ரிங் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். சர்ச்சில் என்று சொல்லப்படும் 7 அங்குல நீளச் சுருட்டு ஒன்றை முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். காலையில் யாருக்கு அவ்வளவு நேரம்? 5 அங்குல நீளம், 42 தடிமன் கொண்ட பெட்டிட் கொரோனா அரைமணி, முக்கால் மணியில் முடியும். 5 அங்குலம், 50 தடிமன் கொண்ட ரொபஸ்டோ ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

மெலிந்த சுருட்டில் உள்ளிலை குறைவு என்பதால் மேலிலையின் சுவை தூக்கலாகத் தெரியும். ஷேட் மேலிலைக்காகவே வாங்குபவருக்கு அது லாபம். ஆனால் மெலிந்தது சீக்கிரம் சூடேறும்; சூடேறினால் க்ரீம் போய்க் கசப்பு வந்துவிடும். நிதானம் கைவரும் வரைக்கும் ரொபஸ்டோ பாதுகாப்பு என்பது என் கருத்து. சற்றுத் தடித்தது என்பதால் புகை குளிர்ந்து வரும், அவசரத்தையும் கொஞ்சம் மன்னிக்கும்.

சில பெயர்கள்

மக்கனூடோ கஃபே பலருக்கு முதல் சுருட்டு. கனெக்டிகட் ஷேட் மேலிலை, கலவை மிகவும் சாது. அனுபவசாலிகள் சிலர் சப்பென்று இருக்கிறது என்பார்கள். அதைவிட ஒரு படி நிறைவாக வேண்டுமானால் ஆஷ்டன் கிளாசிக். பெட்டிட் கொரோனா அளவில் டேவிடோஃப் சிக்னேச்சர் 2000 விலை கூடியது, ஆனால் மென்மையும் க்ரீமும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடியது. ஆர்ட்டுரோ ஃபுயென்டேயின் ஷாட்டோ ஃபுயென்டே தேவதாரு மெல்லேட்டில் சுற்றி வரும். அதிலேயே சன் குரோன் (திறந்த வெயிலில் வளர்த்த மேலிலை), மதுரோ வகைகளும் இருப்பதால் நேச்சுரல் என்று கேட்டு வாங்க வேண்டும். நிகராகுவா உள்ளிலையோடு மென்மை வேண்டுமானால் பெர்டோமோ ஷாம்பேனும் ஒலிவா கனெக்டிகட் ரிசர்வும் இருக்கின்றன. கியூபாவில் ஹோயோ டி மான்டெர்ரேயை அதன் தயாரிப்பாளர்களே லேசான ரகத்தில்தான் வைக்கிறார்கள். எபிக்யூர் நம்பர் 2 அதில் ரொபஸ்டோ அளவு.

எதுவானாலும் பெட்டியாக வாங்காமல் ஒன்றிரண்டு உதிரியாக வாங்கி, ஒரே வேளையில், ஒரே மாதிரி சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்துப் பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் சுருட்டில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா என்பது தெரியும்.

பிடிக்கும் விதம்

ஷேட் மேலிலை மெல்லிசு. மழுங்கிய கத்தி பட்டால் கிழிந்து சுருண்டுகொண்டு வரும். வாயில் வைக்கும் தலைப்பகுதியில், தொப்பிபோல முனையை மூடி ஒட்டியிருக்கும் சிறு இலைத்துண்டின் கோட்டுக்கு மேலேயே, சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும், ஒரே வெட்டு. பியூட்டேன் லைட்டரோ நீளமான தீக்குச்சியோ போதும். பெட்ரோல் லைட்டரின் நாற்றம் இந்த மாதிரிச் சுருட்டில் அப்படியே தெரியும். தீ நாக்கை முனையில் படவிடாமல் சற்று விலக்கிப் பிடித்து, சுற்றித் திருப்பி, விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகு முதல் இழுப்பு.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்பது நல்ல கணக்கு. காலையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே பிடிப்பவர்கள் தங்களை அறியாமல் இழுத்துத் தள்ளிவிடுவார்கள். மேலிலை கைக்குச் சுடுகிறது, நாக்கு எரிகிறது என்றால் இரண்டு நிமிடம் சும்மா வைத்துவிடுங்கள். பல நேரம் க்ரீம் திரும்பி வந்துவிடும். பழகிய பிறகு வாயில் இருக்கும் புகையில் துளியூண்டு மட்டும் மூக்கு வழியாக வெளியே விட்டுப் பாருங்கள். நல்ல ஷேட் சுருட்டில் வெள்ளை மிளகு வாசனை லேசாக வந்து, பின்னாலேயே வறுத்த கொட்டையின் மணம் வரும்.

வீட்டில் வைத்திருக்க 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். மெல்லிய மேலிலை என்பதால் ஈரம் கூடினால் வெடிக்கும், குறைந்தால் நொறுங்கும். கூரியரில் வந்தவற்றை உடனே பிடிக்காமல் ஒன்றிரண்டு வாரம் ஈரப்பதப் பெட்டியில் ஓய்வெடுக்க விடுங்கள்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஈரமும் தாரும் சேர்ந்துகொண்டு, எவ்வளவு மென்மையான சுருட்டிலும் காரம் ஏறும். காலைச் சுருட்டை அந்த இடத்தில் விட்டுவிடலாம், முடித்தே தீர வேண்டும் என்று எதுவும் இல்லை. சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தால் தானாக அணைந்துவிடும். சிகரெட்போல நசுக்கி அணைத்தால் அறை முழுக்க நாறும்.